முருகனைப் பிடிக்கும் என்றால் அது சமயமா?

‘எனக்குச் சமயத்தில நம்பிக்கையில்லை. ஆனா முருகனைப் பிடிக்கும்.’

யாழ்ப்பாணத்தில் இருபது வயதையொட்டிய பிள்ளைகளிடம் இந்தப் பேச்சை இப்போது அடிக்கடி கேட்கலாம். கழுத்தில் சின்னதொரு வேல். கைத்தொலைபேசித் திரையில் மயிலோடு நிற்கும் பாலமுருகன். பஸ்ஸில் காதுக்குள் ஓடுவதும் அவன் பாட்டுத்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா என்றால் மட்டும் வரமாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். ‘உது வெறும் ஆசை, சமயம் எண்டா ஒரு ஒழுங்கு வேணும்’ என்பது ஒன்று. ‘பிள்ளை சொல்லுறதுதான் உண்மையான பக்தி, சடங்கெல்லாம் பிறகு வந்தது’ என்பது மற்றது. இரண்டுமே அவசரப்பட்ட பதில்கள். ஒன்று அந்தப் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. மற்றது அவளைக் கேட்காமலே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஒரு தெய்வத்தின் மீது தனியொருவருக்கு இருக்கும் ஈர்ப்பைச் சமயம் என்று எண்ணலாமா? மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதில் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. 1871இல் எட்வர்ட் டைலர், கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்பொருள்களில் நம்பிக்கை இருந்தாலே போதும், அதுதான் சமயத்தின் குறைந்தபட்ச அளவு என்றார். 1902இல் வில்லியம் ஜேம்ஸ், மனிதர் தம் தனிமையில், தெய்வம் என்று தாம் கருதுவதோடு தமக்குள்ள உறவாக உணர்வதும் செய்வதும்தான் சமயம் என்று கொண்டார். பத்து ஆண்டு கழித்து எமில் துர்கைம் அதற்கு நேரெதிராக நின்றார். புனிதமானவை பற்றிய நம்பிக்கையும் நடைமுறையும் ஒரு கூட்டத்தாரை ஒரே ஒழுக்கச் சமூகமாகக் கட்டினால்தான் அது சமயம். தனியாள் தனக்கென்று வைத்திருப்பது அந்தப் பெயருக்கு உரியதல்ல என்பது அவர் நிலை.

நம்முடைய பிள்ளையை இந்த மூவர் முன்னும் நிறுத்திப் பாருங்கள். டைலர் அவளிடம் ‘முருகன் இருக்கிறான் என்று நம்புகிறாயா?’ என்று கேட்பார். அவள் தோளைக் குலுக்கக்கூடும். ஒருவரைப் பிடிப்பதற்கு அவர் இருக்கிறார் என்று நம்ப வேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் முருகனை முப்பாட்டன் என்று கொண்டாடுவோரில் கடவுள் மறுப்பாளரும் உண்டு. ஜேம்ஸ் அவளை உடனே ஏற்றுக்கொள்வார். துர்கைமோ அவளைத் தாண்டி, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் மணலில் உருளும் கூட்டத்தைத்தான் பார்ப்பார்.

எங்கள் தீவிலேயே இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டும் இடம் கதிர்காமம். சிங்கள பௌத்தர் அங்குள்ள முருகனைக் கதிர்காமத் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள், பழத்தட்டு வைக்கிறார்கள், பரீட்சைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வேண்டிக்கொள்கிறார்கள். கேட்டால் தம் சமயம் பௌத்தம் என்பார்கள், அது உண்மையும்கூட. அவர்கள் வாழ்வின் விடுதலை பற்றிய கேள்விக்குப் பதில் புத்தரிடம் இருக்கிறது. கதிர்காமத்தான் இவ்வுலகத் துணை. முறையாக வழிபடுவதுகூட ஒருவரை அந்தத் தெய்வத்தின் சமயத்தவர் ஆக்கிவிடவில்லை. அப்படியிருக்க வெறும் பிடித்தம் எப்படி ஆக்கும்?

கத்தோலிக்கரின் மடுமாதாவிடமும் இதே கதைதான். ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போகும் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எத்தனை பேர்! அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தும் அம்மம்மா, வீடு வந்து கால் கழுவித் திருநீறு பூசிக்கொள்வார். அவர் சமயம் மாறியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. வல்லிபுரத்து ஆழ்வாராகிய விஷ்ணுவைச் சொல்லவே வேண்டாம். ஆவணி ஞாயிறுகளில் அங்கு திரள்பவர்களில் பெரும்பாலானோர் மூன்று குறி திருநீற்றோடு நிற்கும் சைவர்கள்தான். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய மனசுக்குப் பிடித்த தெய்வமும் அவருடைய சமயமும் என்றைக்கும் ஒரே கோட்டில் ஓடவில்லை.

அப்படி ஓடாமல் போனதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் காலத்தில் ஞானஸ்நானமும் கோயிற்பற்றுப் பதிவும் இல்லாமல் ஒருவர் கலியாணத்தைச் சட்டப்படி ஒப்பேற்றவோ அரச உத்தியோகம் பெறவோ முடியாதிருந்தது. ஊர் முழுக்கப் பதிவேட்டில் கிறிஸ்தவர்கள். வீட்டுக்குள்ளே விரதம். விரதச் சாப்பாட்டு இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று பழையவர்கள் சொல்வார்கள். இன்றைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734இல் எழுந்தபோது அதை எழுப்ப முன்னின்றவர் பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். முன்னே ஒட்டியிருக்கும் ‘தொன் யுவான்’ ஒல்லாந்தர் ஆட்சிப் பதிவுக்கு வேண்டியிருந்தது. பின்னே உள்ள பெயர்தான் கோயில் கட்டியது.

அந்த நூற்றாண்டுகளில் யாழ்ப்பாணத்தவரின் சமயம் எங்கே இருந்தது என்று கேட்டால், பதிவேட்டில் இல்லை, கூட்டு வழிபாட்டிலும் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சாமியறையிலும், அதுவும் இல்லாத வீடுகளில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. கூட்டம் இல்லாவிட்டால் சமயம் இல்லை என்ற துர்கைமின் அளவுகோலை அந்தக் காலத்தின் மேல் வைத்தால் யாழ்ப்பாணச் சைவமே இல்லாமற் போயிருக்கும். அளவுகோல் எனக்கு அங்கே போதாமற் போகிறது.

பிறகு ஆறுமுக நாவலர் வருகிறார். 1822இல் நல்லூரில் பிறந்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியவர். மிஷனரிமார் ‘உங்கள் சமயம் என்ன? வேதநூல் எது? கொள்கை எது?’ என்று கேட்ட காலம் அது. ‘எனக்கு முருகனைப் பிடிக்கும்’ என்ற பதில் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் சைவத்தைத் தெளிவான எல்லைகளோடு எழுதிக் கொடுத்தார்: சிவாகமம், தீட்சை, நித்திய அனுட்டானம், வினாவிடை வடிவில் பாடம். சமய தீட்சை பெறாதவர் சைவ அனுட்டானத்துக்கு உரியவரல்லர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிவழி. நல்லூர்க் கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என்று அந்தக் கோயிலையே கண்டித்து எழுதினார். மூலஸ்தானத்தில் விக்கிரகத்துக்குப் பதில் வேல் இருப்பதும் அவருக்கு உறுத்தலாக இருந்தது. இன்றைக்கும் அங்கே வேல்தான் இருக்கிறது.

நாவலர் செய்தது பெரிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் கோடு போடாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடங்களில் சைவநெறி என்று ஒரு பாடமே வந்திராது. ஆனால் கோடு போட்டபோது கோட்டுக்கு வெளியே நின்றுபோனவர்கள் உண்டு. ஆகமத்தில் இல்லாத கிராமத் தெய்வங்கள் தாழ்ந்தவையாகப் பார்க்கப்பட்டன. கண்ணகி கோயில்கள் சில மெல்ல மெல்ல இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாற்றிக்கொண்டன.

கண்ணகியை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நான் சொல்லவரும் வேறுபாடு அவளிடம் நன்றாகத் தெரியும். தமிழ் இலக்கியம் படித்த எவருக்கும் கண்ணகியைப் பிடிக்கும். பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்த அந்தத் துணிவைப் பற்றிக் கட்டுரை எழுதுவார், மேடையில் பேசிக் கண்கலங்குவார். வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடக்கிறது. கடலில் எடுத்த உப்புத் தண்ணீரில் விளக்கெரியும். வன்னி முழுவதிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் அடுப்பும் பானையுமாய்ச் சனம் போகும். பேச்சாளரின் கண்ணகியும் பொங்கற்காரியின் கண்ணகியும் ஒருத்தியேதான். பேச்சாளரிடம் கண்ணகி ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அவர் வேறொரு பாத்திரத்தைப் பற்றி எழுதலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். பொங்கற்காரி அப்படியில்லை. பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தபோது ‘தாயே, மாற்றித் தா, வந்து பொங்குறன்’ என்று சொன்னவள் அவள். சொன்னபடி போகாவிட்டால் நித்திரை வராது. அவள்மேல் அந்தத் தெய்வத்துக்கு ஒரு உரிமை இருக்கிறது.

இதைத்தான் நான் எல்லையாகக் கொள்கிறேன். தெய்வத்தை வியப்பது, இரசிப்பது, பிடித்துப்போவது எல்லாம் நம் பக்கத்திலிருந்து போகும் உணர்வு. அந்தத் தெய்வம் நம்மிடம் ஒன்றைக் கேட்கலாம், நாம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஆகும்போது அது சமயமாகிறது. அதற்குக் கோயில் வேண்டியதில்லை, குருக்கள் வேண்டியதில்லை, தீட்சைகூட வேண்டியதில்லை.

இது நானாக இறக்குமதி செய்த அளவுகோலல்ல. பெரிய புராணமே இதைத்தான் சொல்கிறது, க.பொ.த. சாதாரண தரம் வரை சைவநெறி படித்த எவரும் அறிந்த கதைகள். கண்ணப்பரை எல்லோரும் சொல்வார்கள். வாயில் கொண்டுவந்த நீரும் சுவைபார்த்த இறைச்சியுமாக வந்த அவரை, ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியார் கண்டு துடித்ததும், இறைவன் கண்ணப்பர் பக்கம் நின்றதும் தெரிந்ததே. எனக்கு அதைவிடச் சாக்கிய நாயனார் கதை இந்தக் கேள்விக்கு நெருக்கமாகப் படுகிறது. அவர் காஞ்சியில் பௌத்தம் கற்றவர். பௌத்தத் துறவியின் உடையிலேயே இருந்தவர். கடைசிவரை அந்த உடையை மாற்றவும் இல்லை. வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டார். அன்பு பொங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். பூ எறிந்தது போல அது ஏற்கப்பட்டது. அன்றோடு அவர் விட்டிருந்தால் அது ஒரு நாளைய பரவசம். அவர் விடவில்லை. ஒவ்வொரு நாளும் கல் எறிந்த பிறகே சாப்பாடு என்று வைத்துக்கொண்டார். ஒருநாள் உண்ண உட்கார்ந்தவருக்கு, இன்னும் கல் எறியவில்லையே என்று நினைவு வந்தது. பசியோடு எழுந்து ஓடினார். சேக்கிழார் அவரை நாயன்மாராக நிறுத்துவது அந்த ஓட்டத்துக்காகத்தான் என்று நான் வாசிக்கிறேன். உடையில் பௌத்தர், கையில் கல், கூட யாரும் இல்லை, மந்திரமும் இல்லை. பதிவேட்டில் அவரைச் சைவர் என்று எழுதியிருக்க முடியாது. அறுபத்துமூவர் வரிசையில் அவர் நிற்கிறார்.

தனியாளின் பக்தியைச் சமயமென்று ஏற்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் வேறொரு அநியாயமும் நேரும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1957இல், சாதியைக் காட்டி ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக விடுங்கள் என்று கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்தது. தலைமுறை தலைமுறையாக ஆகமக் கோயிலின் வெளி வீதியோடு நிறுத்தப்பட்டவர்கள் எங்கே கும்பிட்டார்கள்? வளவுக்குள்ளேதான். வேப்பமரத்தடியில் நட்ட ஒரு சூலம், அதுதான் வைரவர். வெள்ளிக்கிழமை பின்நேரம் மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, சூலத்தைக் கழுவிச் சந்தனம் வைத்து, மூன்று முனையிலும் தேசிக்காய் குத்தி, செவ்வரத்தம்பூ ஒன்றைச் செருகி, சின்ன மண்விளக்குக் கொளுத்துவார்கள். பொங்கல் நாளில் வடைமாலை. மந்திரமில்லை, வீட்டு மூத்தவர் வாயில் வந்ததைச் சொல்லிக் கும்பிடுவார். பிழை செய்தவரை வைரவர் கேட்பார் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். பெரியவர்களுக்கு அதைவிடக் கூட இருக்கும். இடம்பெயர்ந்து போனபோது பொருள் பண்டத்தை விட்டுவிட்டுச் சூலத்தைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகமத்தில் இல்லை, கூட்டமும் இல்லை, ஆகவே இது சமயமல்ல என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியும் இதற்குச் சாட்சி. பூசகர் பிராமணர் அல்லர், கரையோரச் சமூகத்தவர். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மருதர் கதிர்காமர் என்ற அடியவருக்கு முருகனே அந்த முறையைக் காட்டிக்கொடுத்தான் என்பது கோயில் வரலாறு. ஒருவரின் தனிப்பட்ட ஈடுபாட்டில் தொடங்கியது, நாள்தோறும் அன்னதானம் நடக்கும் பெருங்கோயிலாக நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் யாத்திரீகர் அங்கிருந்து புறப்படுகிறார்கள். துர்கைம் கேட்ட கூட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்த கூட்டம்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மனசில் பிடித்திருக்கிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் சமயம் என்று அழைத்தால் சொல்லுக்கு வேலையில்லாமல் போய்விடும். சோழர் காலத்து நடராசர் வெண்கலத்தின் முன் மணிக்கணக்காக நிற்கும் சிற்ப இரசிகர், முருகன் மேல் கீர்த்தனை உருகிப் பாடும் கத்தோலிக்கப் பாடகர், வேலைத் தமிழ் அடையாளமாகச் சட்டையில் அச்சிட்டுப் போடும் இளைஞர், இவர்களெல்லாம் தம்மைச் சமயத்தவராக எண்ணவில்லை என்றால் அதை நாம் ஏற்கத்தான் வேண்டும். ‘நீ அறியாமலே நீ பக்தன்’ என்று சொல்வது பாராட்டாகத் தோன்றினாலும் ஆளின் வாய்ச்சொல்லை மதிக்காத செயல். இந்தப் பழக்கம் எங்களுக்கு மிகுதியாக உண்டு. கோயிலுக்கு வந்து சட்டையைக் கழற்றி நின்றவரெல்லாம் நம்மவர் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறோம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது அந்த இடத்துக்குரிய மரியாதை, நம்பாதவரும் கழற்றலாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாள்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், கிடையாது. மச்சச் சட்டியைத் தனியே எடுத்து வைத்து, குசினியைக் கழுவி, கொடியேற்றத்துக்கு முன்பே வீடு ஆயத்தமாகிவிடும். ‘எனக்குச் சமயம் இல்லை’ என்று சொல்லும் பிள்ளைகள் சிலர், கொழும்பில் தனி அறையில் இருந்துகொண்டும், யாரும் பார்க்காத இடத்திலும், அந்த 25 நாளும் மச்சம் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டால், ‘தெரியேல்லை, அவனுக்காகத்தான்’ என்பார்கள். அந்தப் பிள்ளை சாக்கிய நாயனாரின் பக்கத்தில் நிற்கிறாள். வேலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிடிக்காத நாளில் கழற்றி வைப்பவளுக்கு இருப்பது பிடித்தம். இரண்டும் நல்லவைதான். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எல்லை எப்போதும் இவ்வளவு துலக்கமாக இராது. மடுமாதாவுக்கு நேர்ந்துகொண்ட அம்மம்மாவும் கடமைப்பட்டவர்தானே? ஆம். மாதாவோடு அவருக்கு உள்ளது சமய உறவுதான். கத்தோலிக்கத் திருச்சபையில் அவர் உறுப்பினர் அல்லர், அவ்வளவுதான். ஒருவர் செய்வது சமயமா என்பது ஒரு கேள்வி. அவர் எந்தச் சமயத்துக்கு உரியவர் என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான வாக்குவாதம் இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது. தீட்சையும் ஞானஸ்நானமும் இரண்டாவது கேள்விக்கான பதில்கள். நாவலர் எழுதியதும் அதைப் பற்றித்தான். ஒரு சமயம் தன் உறுப்பினர் யார் என்று வரையறுக்க அதற்கு உரிமை உண்டு. முதற் கேள்வியை அந்த வரையறையால் மூட முடியாது.

சட்டம் இதில் நம் வீடுகளைவிடத் தெளிவாக இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொரு ஆளுக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. தான் விரும்பும் மதத்தை அல்லது நம்பிக்கையைக் கொண்டிருப்பதும் மேற்கொள்வதும் அதில் அடங்கும். ‘அல்லது நம்பிக்கையை’ என்பதைக் கவனியுங்கள். 14ஆம் உறுப்புரை அதைத் தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வெளிக்காட்டும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஆகவே காப்புப் பெறக் கூட்டமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1993இல் தந்த விளக்கம் ஒரு படி மேலே போகிறது: கடவுளை ஏற்கும் நம்பிக்கை, ஏற்காத நம்பிக்கை, எந்த மதமும் கொள்ளாதிருக்கும் உரிமை எல்லாமே காக்கப்படுபவை. வேப்பமரத்து வைரவரும், தனியறையில் மச்சம் தவிர்க்கும் பிள்ளையும், ஒன்றும் வேண்டாம் என்பவரும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் இருக்கிறார்கள்.

நடைமுறையில் சிக்கல் வருவது படிவங்களில்தான். சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் சமயம் என்று ஒரு கட்டம் உண்டு. கணக்கெடுக்க வருபவருக்கு வீட்டுக்கு மூத்தவர் வாசலில் நின்றே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். பெயர், வயது, ‘இந்து’, அடுத்தவர். அறைக்குள் இருக்கும் இருபது வயது மகளைக் கூப்பிட்டு ‘பிள்ளை, உனக்கு என்னெண்டு எழுதட்டும்?’ என்று கேட்பவர் குறைவு. அடுத்த முறை வரும்போது கேளுங்கள். ‘இந்து’ என்றாலும், ‘சைவம்’ என்றாலும், ‘ஒண்டும் போடாதேங்கோ, எனக்கு முருகனைப் பிடிக்கும், அவ்வளவுதான்’ என்றாலும் அவள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்.